என் நாவலை விற்ற மனிதர்

என் முதல் நாவலை விற்றவர் என் கணவர். அப்போது பினாங்கில் தமிழ்ப் புத்தகம் வைத்திருந்த கடைகளே கொஞ்சம். அவற்றிலும் பஞ்சாங்கமும் சினிமாப் பத்திரிகையும் சமையல் குறிப்பும்தான் ஓடும். கடைக்காரர்கள் முகதாட்சண்யத்துக்காக ஆளுக்குச் சில பிரதிகள் வாங்கி மேல் தட்டில் வைத்துக்கொண்டார்கள். மீதியெல்லாம் எங்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

நாங்கள் ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். நான் டவுனில் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அவர் துறைமுகத்தில் டேலி கிளார்க்; கப்பலிலிருந்து இறங்குகிற சரக்கை எண்ணிக் குறித்துக்கொள்கிற வேலை. காலை ஷிப்ட் முடித்து, பஸ் பிடித்து, வழியில் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு வீடு வந்தால் மகள் மத்தியானப் பள்ளிக்குப் போயிருப்பாள். பக்கத்து வீட்டு அம்மா பார்த்துக்கொள்ளும் மகன் தூங்கிக்கொண்டிருப்பான். அந்த ஒன்றரை மணி நேரம்தான் என்னுடையது. சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்காருவேன். எவ்வளவு துடைத்தாலும் தாளில் குழம்பு வாசனை ஏறிவிடும். அப்படி எழுதியதுதான் ஞாயிறு பேப்பரில் தொடராக வந்து, பிறகு சென்னையில் அச்சாகிப் புத்தகமானது.

புத்தகப் பெட்டிகள் அவர் வேலை பார்த்த துறைமுகத்திலேயே வந்து இறங்கின. வெளியீட்டு விழாவில் பிரமுகர் ஒருவர் முதல் பிரதியை வாங்கிப் பணம் வைத்த உறை கொடுத்தார். படம் எடுத்தார்கள். வந்தவர்கள் மீகூனும் கேசரியும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதோடு சரி. ஒரு நாள் கட்டிலுக்கு அடியில் செருப்பு தேடப்போன என் கணவர் பெட்டிகளை இழுத்துப் போட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது இப்படியே கெடந்தா எப்படி?"

"கெடக்கட்டும். நல்ல புக்குன்னா தேடி வந்து வாங்குவாங்க" என்றேன்.

"கோடவுன்ல கெடக்குற சரக்கைத் தேடி யாரும் வந்து நான் பாத்ததில்ல."

மறுநாளிலிருந்து அவருடைய மோட்டார் சைக்கிளின் முன் கூடையில் என் நாவல் ஏறியது. மழைக்கு நனையாமல் இருக்க, தன் மழைக்கோட்டை அதன் மேல் போட்டு மூடியிருப்பார். மழை வந்தால் அவர் நனைவார்.

துறைமுகத்தில் விற்றார். கோயில் வாசலில் விற்றார். முடிவெட்டும் கடையில் முறை வருவதற்குக் காத்திருந்தவர்களிடம் விற்றார். என்ன சொல்லி விற்கிறார் என்று நான் கேட்டதில்லை. கேட்கவே கூச்சமாக இருந்தது. ஒரு நாவலாசிரியை என்றால் வாசகர்கள் தாமாக வர வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம். இங்கே என்னடாவென்றால் என் புத்தகம் ரொட்டிக்காரனின் ரொட்டியைப் போல வாசல் வாசலாகப் போய்க்கொண்டிருந்தது. "அம்மா, அப்பா மோட்டார் சத்தம் கேட்டா என் ஃபிரெண்டோட அம்மா கதவைச் சாத்துறாங்க" என்று மகள் ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் பள்ளிப் பையை அடுக்கினாள். அவளுக்கும் அந்தக் கூச்சம் வந்துவிட்டது என்று தெரிந்தது.

அந்தச் சமயத்தில் உறவில் ஒரு கல்யாணம். கோயில் மண்டபத்தில் சாப்பாடு முடிந்து ஆண்கள் கை கழுவ வரிசையில் நின்றபோது இவர் அந்த வரிசையின் ஓரத்தில் போய் நின்றார். கக்கத்தில் புத்தகக் கட்டு. நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். இவர் ஏதோ சொல்ல, ஆட்கள் சிரித்தார்கள், பிறகு சட்டைப் பையைத் தடவினார்கள். ஒருவர் வாங்கிய புத்தகத்தைப் பாக்குத் தட்டின் மேல் வைத்துவிட்டு மறந்துபோனார். அதையும் பார்த்தேன்.

ஆனால் அன்று பெண்கள் பக்கம் எனக்குக் கிடைத்த மரியாதை வேறு. ஒரு அக்கா வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் அவ்வளவு பரிவு. இன்னொருவர் என் தலையைத் தடவி, "தைரியமா எழுதிட்டே. எல்லாராலயும் முடியாது" என்றார். நான் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன். எழுத்தாளர்களை மக்கள் இப்படித்தான் பார்ப்பார்கள்போல என்று உள்ளுக்குள் ஒரு நிறைவு. அந்த நிறைவை இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சண்டை போட்டேன். "கல்யாண வீட்ல யாராச்சும் புக்கு விப்பாங்களா?"

"சாப்பிட்டுட்டு வர்றப்பதான் மனுஷன் நல்ல மூட்ல இருப்பான்" என்றார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, மிச்சப் புத்தகங்களைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தார். என் கோபம் அவரைத் தொடவேயில்லை.

எக்ஸ்சேஞ்சில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஓர் அக்கா இருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். டிரங்க் கால் பேசும்போது அக்காவின் இங்கிலீஷைக் கேட்டு எதிர்முனையில் இருப்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். என் தொடர் வந்துகொண்டிருந்த காலமெல்லாம் அவர்தான் என் முதல் வாசகி என்று நினைத்திருந்தேன். திங்கட்கிழமையானால் அந்தப் பேப்பரை மடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். கேன்டீனில் கோப்பி குடிக்கும்போது, "எப்படிக்கா இருந்துச்சு?" என்பேன். "நல்லா இருந்துச்சு. அப்பறம் என்ன ஆகும்?" என்பார். நான் அடுத்த வாரத்துக் கதையைச் சொல்லுவேன். அவ்வளவு கவனமாக வேறு யாரும் என்னைக் கேட்டதில்லை.

ஒருநாள் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு போட்டு லீவில் இருந்தார். ஆரஞ்சுப் பழங்களை எடுத்துக்கொண்டு ஜெலுத்தோங்கில் அவருடைய வீட்டுக்குப் போனேன். கீழே மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. மூன்றாம் மாடி வரை ஆக்சிலேட்டர் முறுக்கும் சத்தம் வரும். அவர் கணவர் வேலைக்குப் போயிருந்தார். அக்கா, காலுக்குப் போர்த்திக்கொள்ள அலமாரியிலிருந்து ஒரு சாரோங் எடுத்துத் தரச் சொன்னார். திறந்தேன். துணிகளுக்குப் பக்கத்தில் என் நாவல். ஒன்றல்ல, நான்கு. நான்கும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்.

"ஏன்க்கா இத்தனை?"

அவர் ஆரஞ்சுப் பழம் ஒன்றை எடுத்துக் கையில் உருட்டினார். பிறகு, "உன் வீட்டுக்காரர் யாருக்கு வித்தோம்னு மறந்துடறார்லா. சிரிச்சுக்கிட்டே வருவார். வாங்கிட்டேன்னு சொல்ல எனக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்றார்.

கப்பலில் ஒரு மூட்டையைத் தவறவிடாதவர் இதை மறந்துவிட்டாரா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்: "ஒன்னைக்கூடப் பிரிக்கலையே?"

"எனக்குத் தமிழ் படிக்க வராது" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் அப்படி இல்லை என்று தெரிந்தது.

"இங்கிலீஷ் ஸ்கூல். வீட்ல அப்பா சொல்லிக் குடுக்கறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தார், நடக்கல. பேசுவேன், கேப்பேன். எழுத்து வராது. நீ பேப்பர் கொண்டாரப்பல்லாம் சொல்லணும்னு இருக்கும். அதுக்குள்ள நீயே கதையைச் சொல்லிடுவே. அப்பறம் எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

அத்தனை வருஷம் தோளோடு தோள் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறோம். அவருக்கு எந்த மிளகாய்ச் சம்பால் பிடிக்கும், எந்த மேலதிகாரியைப் பிடிக்காது எல்லாம் எனக்குத் தெரியும். இது தெரியவில்லை. ஒருமுறை கேன்டீனில் எல்லார் முன்னாலும், தமிழ் படிக்காத தமிழர்களைப் பற்றி நான் நீளமாகப் பேசியது நினைவுக்கு வந்தது. அப்போது அவர் எதிரே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். சாரோங்கை அவர் காலில் போர்த்திவிட்டு, அதன் ஓரத்தைத் தேவையில்லாமல் சரி செய்துகொண்டிருந்தேன்.

அவரேதான் என்னைக் காப்பாற்றினார். "ஒன்னு பிரி. வாசிச்சுக் காட்டு. நானும்தான் சும்மா படுத்துக்கெடக்கிறேன்."

அப்படித்தான் வாரத்தில் ஒரு மத்தியானம் ஜெலுத்தோங்கில் இறங்கிக்கொள்வது பழக்கமானது. என் எழுத்தை நானே சத்தமாக வாசித்தது அதுதான் முதல் தடவை. நாவல், கதிரவன் கடலிலிருந்து எழுவதில் தொடங்கும். அரைப் பக்கத்துக்கு எழுந்துகொண்டிருப்பான். கீழே கடையில் யாரோ எஞ்சினை உறுமவிட்டார்கள். நான் குரலை உயர்த்தினேன். கதிரவனையும் ஒர்க்‌ஷாப்பையும் ஒரே நேரத்தில் கேட்ட அக்கா, "ரேடியோ நியூஸ் மாதிரி இருக்குலா" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அதன் பிறகு சில பத்திகளைப் பார்த்தும் பாராததுபோல் தாண்டிப் போனேன்.

கதை இதுதான். துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவன். குடிகாரன், பெண்டாட்டியை அடிக்கிறவன். அவள் கடைசியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஃபெரிப் படகு ஏறிப் போய்விடுகிறாள். எக்ஸ்சேஞ்சில் வேலை செய்யும்போது காதில் விழுந்த ஏதேதோ குடும்பச் சண்டைகளிலிருந்து வந்த கரு. ஆனால் குடிக்கிற ஆண் யாரையும் எனக்கு நெருக்கமாகத் தெரியாது. துறைமுகத்தைப் பற்றியும் தெரியாது. அதனால் என் கணவரிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். லோரியில் மூட்டை எப்படி ஏற்றுவார்கள், கோடவுனில் என்ன வாசம் வரும், மழை வந்தால் வேலையை எங்கே நிறுத்துவார்கள். அவர் சந்தோஷமாகச் சொல்வார். சில நேரம் தாளில் படம்கூடப் போட்டுக் காட்டுவார்.

மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ போனபோது, அந்த அத்தியாயம் வந்தது. மழை நாள். அவன் குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறான். மோட்டார் சைக்கிளைச் சுவரில் சாய்க்கிறான். மழைக்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறான். சாப்பிட உட்கார்ந்து, சோற்றில் சம்பாலைப் பிசைந்து ஓரமாக ஒதுக்குகிறான். பிறகு எழுந்து இடுப்பு பெல்ட்டை உருவுகிறான்.

"நிறுத்து" என்றார் அக்கா. "எங்கிட்ட மறைக்காதே. அடிப்பாரா?"

"யாரு?"

"உன் வீட்டுக்காரர்."

நான் புத்தகத்தை மூடினேன். "என்னக்கா சொல்றீங்க? அவர் கொசுவைக்கூட ஊதித்தான் விடுவார்."

"அப்போ எதுக்கு அவர் அப்படிச் சொல்லி விக்கிறார்?"

"எப்படி?"

"'அதுல வர்ற புருஷன் நான் இல்லைங்க, பயப்படாம வாங்குங்க.' எல்லார்கிட்டயும் இதைத்தான் மொதல்ல சொல்றார். உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அக்கா கட்டிலில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எக்ஸ்சேஞ்ச்ல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? அடிக்கிறவன்தான் இப்படி முந்திக்கிட்டுச் சொல்லுவான்னு. நானும் கொஞ்சம் நம்பிட்டேன். நாலு புக்கு வாங்கினதே அதுக்குத்தான். வாங்கலைன்னா, வீட்டுக்கு வந்து அந்தக் கோபத்தை உன் மேல காட்டுவாரோன்னு."

கல்யாண வீட்டில் என் மணிக்கட்டைப் பிடித்தவர் என் கையில் தழும்பு தேடியிருக்கிறார். தலையைத் தடவியவர் என் எழுத்தைத் தடவவில்லை. நான் அவர்கள் முன்னால் அடக்கமாகத் தலையைக் குனிந்தது அவர்களுக்கு என்னவாகத் தெரிந்திருக்கும். கோயில் வாசலிலும் துறைமுகத்திலும் வாங்கியவர்களில் எத்தனை பேர் இரக்கப்பட்டு வாங்கினார்கள். என் நாவல் ஓடுகிறது என்று சென்னைக்கு எழுதியிருந்தேன்.

அதைவிட ஒன்று பஸ்ஸில் வரும்போது உறைத்தது. அந்த மழைக்கோட்டும், மோட்டார் சைக்கிளும், சம்பாலை ஒதுக்கிச் சாப்பிடுவதும் அவருடையவை. தொடராக வந்தபோதே அவர் வாராவாரம் படித்தவர்தான். தன் சட்டையையும் தன் சாப்பாட்டையும் ஒரு மிருகத்துக்குப் போட்டிருக்கிறாள் பெண்டாட்டி என்று தெரிந்தே படித்திருக்கிறார். தெரிந்தேதான் கூடையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். நானோ அவர் எனக்கு அவமானம் தேடித் தருவதாகப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று வீட்டில் கேட்க முடியவில்லை. அடுத்த நாளும் முடியவில்லை. ஈப்போவில் ஓர் எழுத்தாளர் கூட்டத்துக்கு என்னைப் பேச அழைத்திருந்தார்கள். அவரும் ஒரு நாள் லீவு போட்டு, துணைக்கு வந்தார். ரயில் பிடிக்க எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு ஃபெரியில் போனோம். காலை வெயில். அவர் காலடியில் புத்தகப் பெட்டி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"அதுல வர்றது நீங்க இல்லைன்னு சொல்லியா விக்கிறீங்க?"

"யார் சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. கோபம் வரலையா உங்களுக்கு?"

யோசித்தார். "மொதல்ல வந்துச்சு. மழைக்கோட்டு வந்த வாரம். கோடவுன்ல ஒரு அண்ணன் என்னைத் தனியாக் கூப்பிட்டு, ஏன்டா வீட்டுப் பொம்பளை மேல கை வைக்கிறேன்னு கேட்டார். கதைண்ணேன்னு சொன்னேன். நம்பல. ரொம்ப நாள் பேசாம இருந்தார். நல்ல மனுஷன். அப்பறம்தான் யோசிச்சேன், எப்படியும் கேக்கத்தான் போறாங்க, நாமளே முந்திச் சொல்லிட்டா ஒரு சிரிப்பா முடிஞ்சிடும்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ அந்த ஆளை மாத்திடுவே. அவன்தான் அதுல நல்லா வந்திருக்கான்."

ஃபெரி கரையில் இடித்து நின்றது. அவர் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

ஈப்போவில் பள்ளி மண்டபம் ஒன்றில் கூட்டம். இவர் வாசல் பக்கம் மேசை போட்டுப் புத்தகங்களை அடுக்கினார். தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது, "சொந்த வாழ்க்கையின் காயங்களை மறைக்காமல் எழுத்தில் வைத்தவர்" என்றார். கைதட்டினார்கள். எழுதி வைத்திருந்த பேச்சை மடித்துவிட்டேன். இன்றைக்காவது சரி செய்துவிடலாம் என்று எனக்குள் ஒரு வேகம்.

"எனக்கு அப்படி எந்தக் காயமும் இல்லை" என்று தொடங்கினேன். "என் கணவர் குடிப்பதில்லை. என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. அதோ வாசலில் புத்தகம் விற்றுக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான்."

மண்டபம் முழுக்கத் திரும்பியது. யாரோ சிரித்தார்கள். தலைவர் மைக்கில், "ஐயா, கொஞ்சம் முன்னால வாங்க, எல்லாரும் பாக்கட்டும்" என்றார். கைதட்டல் எழுந்தது. இவர் கையில் ஒரு புத்தகத்தோடு நின்றார். முன்னால் ஓரடி வைத்தார், பிறகு பின்வாங்கினார். எத்தனையோ வாசலில் சிரித்துக்கொண்டு நின்ற அந்த முகம் சுருங்கிப்போனதை அன்றுதான் பார்த்தேன். புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் மீதிப் பேச்சில் என்ன பேசினேன் என்று நினைவில்லை.

கூட்டம் முடிந்து தேடிப் போனபோது, எதிரே ஒரு சீனருடைய கோப்பிக் கடையில் அவர் உட்கார்ந்திருந்தார். பால் சேர்க்காத கோப்பி ஓ ஆறிப்போயிருந்தது. எதிரில் உட்கார்ந்தேன்.

"ஏன் அங்க சொன்னே?"

"உண்மைதானேங்க."

"நான் சொல்றப்ப அது சும்மா பேச்சு. வாங்கறவனும் சிரிப்பான், நானும் சிரிப்பேன். நீ மேடையில சொன்னா, அடிக்காதவன்னு சர்டிபிகேட் குடுத்த மாதிரி ஆயிடுச்சு. அத்தனை பேரும் என் கையைப் பாத்தாங்க."

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவர் அதற்குள் எழுந்து, "வா, பெட்டியை எடுக்கணும். ரயிலுக்கு நேரமாச்சு" என்றார்.

அதற்குப் பிறகும் விற்றார். ஆனால் அந்த வாசகத்தைச் சொல்வதை விட்டுவிட்டார். "வாங்கிக்குங்க, நல்ல கதை" என்று மட்டும் சொன்னாராம். அக்காவுக்குக் கால் சரியாகி வேலைக்குத் திரும்பியதும் அவர்தான் சொன்னார். விற்பனை மந்தமாகிவிட்டது. மிச்சப் பெட்டிகளைப் பள்ளிகளுக்கும் கோயில் நூலகங்களுக்கும் கொடுத்தோம். அக்காவிடம் இருந்த நான்கில் மூன்றைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் விடவில்லை. நாவலை முழுக்க வாசித்து முடித்தோம். கடைசியில் அவள் ஃபெரி ஏறிப் போகும் இடத்தில், "பாவம், அவனுக்கு யார் சோறு போடுவா" என்று கேட்டார்.

இரண்டாவது நாவல் எழுதும்போது மிகவும் கவனமாக இருந்தேன். ஊர் யாரையும் இவர்தான் என்று சுட்டிக்காட்டக் கூடாது என்று, கதாநாயகியை ஒரு விதவையாக வைத்தேன். முதல் அத்தியாயம் பேப்பரில் வந்த அன்று அவர் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "கோடவுன்ல எல்லாரும் எனக்கு அனுதாபம் சொன்னாங்க" என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். என்னால் முடியவில்லை. அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தேன்.

அந்தப் புத்தகம் வந்தபோது, இந்தத் தடவை நானும் வருகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பின்னால் உட்கார்ந்து போனேன். ஜெலுத்தோங்கில் ஒரு வீட்டு வாசலில் நின்றோம். கதவைத் திறந்த பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் புத்தகத்தை என் கையில் கொடுத்து, "நீ சொல்லு" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. நானே எழுதிய புத்தகம். அதைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்தப் பெண் காத்திருந்தாள். உள்ளே வானொலியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என் காதெல்லாம் சூடேறி, பார்வை அவள் செருப்பின் மேல் போய் நின்றது.

கடைசியில் அவர்தான் என் கையிலிருந்து புத்தகத்தை மெதுவாக வாங்கி, அவளிடம் நீட்டினார்.

"என் வீட்டுக்காரங்க எழுதினது" என்றார். "படிச்சுப் பாருங்க, தங்கச்சி."